பசை எந்தப் பக்கம்? மலையூரில் மொசைக் ஷீட் செய்து ஒட்டும் முறை

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துவிடுவோம். நம் ஊரில் ‘மொசைக்’ என்றால் பாதிப் பேருக்குப் பழைய வீட்டுத் தரைதான் நினைவுக்கு வரும். சிமெண்டில் பளிங்குச் சில்லைக் கலந்து ஊற்றி, மெஷின் போட்டுத் தேய்த்து மெருகேற்றியது. அது வேறு. நான் சொல்ல வருவது சின்னச் சின்ன டைல் சில்லுகளை அடுக்கிக் கோலமோ படமோ செய்கிற மொசைக். கடையில் ‘மொசைக் ஷீட்’ என்றோ ‘கிளாஸ் மொசைக்’ என்றோ கேட்டால்தான் சரியான அலமாரிக்குக் கூட்டிப் போவார்கள். வெறும் ‘மொசைக்’ என்று கேட்டு, பாலிஷ் போடுகிறவரின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு நான் திரும்பி வந்திருக்கிறேன்.

என் சமையலறையில் அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவர் இரண்டடி உயரம், நான்கடி நீளம். எட்டுச் சதுர அடிதானே என்று தோன்றும். 20 மி.மீ. சில்லை 2 மி.மீ. இடைவெளி விட்டு அடுக்கினால் ஓரடிக்கு ஓரடியில் 14 வரிசை, வரிசைக்கு 14 சில்லு, ஆக 196. எட்டுக்கு 1,568. இத்தனையையும் சுவர் முன்னால் நின்றபடி ஒவ்வொன்றாக ஒட்டினால் கழுத்து போய்விடும். சுவரில் பூசிய அட்ஹெசிவ் (டைலைச் சுவரில் ஒட்டும் சிமெண்ட் கலவை) இருபது நிமிடத்தில் ஆடை கட்டிவிடும், அதற்குள் இரண்டு மூன்று வரிசை வைத்தாலே பெரிய காரியம். அதனால்தான் ஷீட். மேசையில் உட்கார்ந்து, பக்கத்தில் காபி டம்ளரோடு, பத்து நாள் சாவகாசமாக அடுக்கிக்கொள்ளலாம். சுவரில் ஏற்றும் வேலை ஒரு பகலில் முடிந்துவிடும்.

சில்லுகளை ஷீட்டாகச் சேர்த்துப் பிடிக்க மூன்று வழி உண்டு. முகத்தில் காகிதம் ஒட்டலாம், முகத்தில் ஒட்டும் பிளாஸ்டிக் போடலாம், முதுகில் வலை ஒட்டலாம். எது சுலபம் என்று கேட்டால் எல்லோரும் வலையைத்தான் காட்டுவார்கள். நானும் அதில்தான் தொடங்கினேன், அதில்தான் சூடுபட்டேன்.

குன்னூருக்குக் குடிவந்த புதிதில் பின்கட்டு வராந்தாவில் கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒரு மீன் படம் செய்தேன். ஃபைபர் வலை, தச்சர்கள் வைத்திருக்கும் சாதாரண வெள்ளைப் பசை, நீலமும் பச்சையுமாகக் கண்ணாடிச் சில்லு. பார்க்கிறவர்கள் எல்லாம் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். இரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது வருடம் ஐப்பசி மழை பதினைந்து நாள் விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலையில் பல் விளக்கப் போனால் மீனின் கண் தொட்டிக்குள் கிடந்தது. விரலால் வாலைத் தொட்டேன், நான்கு சில்லு கையோடு வந்துவிட்டது. பின்னால் வலை மட்டும் சுவரில் அப்படியே இருந்தது. வலையின் மேல் பசை பால் மாதிரி வெளுத்து, நகம் பட்டால் வழுக்கிக்கொண்டு வந்தது.

பார்க்க வந்த கொத்தனார் அண்ணன் அந்த வழவழப்பை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, “அம்மணி, கம்மை முதுகுல தடவுனா அது செவுத்துக்குள்ளயே இருந்துக்கும். மூஞ்சில தடவுங்க, வேல முடிஞ்சதும் கழுவி உட்டுறலாம்” என்றார். மொத்த விஷயமும் அதற்குள் இருக்கிறது. ஷீட் செய்யும் பசை தற்காலிக வேலைக்குத்தான். சில்லு சுவரில் உட்காரும் வரை பிடித்துக்கொண்டிருந்தால் போதும். அது சில்லுக்கும் சிமெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால், வருடத்தில் பாதி நாள் மஞ்சு இறங்கும் ஊரில் ஈரம் அதைத் தேடிப் போய்க் கரைக்கும். சாதாரண வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் தண்ணீரில் மறுபடி இளகும் வகை.

ஆக, எந்த முறை என்பதை இடம்தான் முடிவு செய்யும். கூடத்துச் சுவர், படுக்கையறை, கண்ணாடிச் சட்டம், மேசையின் மேல்பலகை போன்ற ஈரம் படாத இடங்களுக்கு வலை போதும். அடுப்படி, குளியலறை, வராந்தா, வாசல்படி, தோட்டத்துத் திண்ணை என்றால் காகிதம். பிளாஸ்டிக் முறை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மலையில் அதற்கென்று ஒரு தொல்லை உண்டு, பின்னால் சொல்கிறேன்.

சில்லு வாங்கும்போது

குஜராத்தின் மோர்பியிலிருந்து கோவைக்கு லாரியில் வந்து, அங்கிருந்து மலையேறிக் கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வருகிற டைலில் கொஞ்சம் உடையாமல் இருக்காது. கடையில் ‘உடைசல் இருக்கா’ என்று கேளுங்கள். மூலை போன டைல், ஒற்றையாக மிஞ்சிய டைல் எல்லாம் சல்லிசாகக் கிடைக்கும். சாக்குக்குள் போட்டுச் சுத்தியலால் தட்டி உடைத்துவிட்டு, பிறகு டைல் நிப்பரால் (டைலைக் கடித்து வெட்டும் குறடு) வேண்டிய வடிவத்துக்குக் கடித்து எடுக்கலாம். கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். சாக்கு இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். காலில் ஷூ, வேலை முடிந்ததும் தரையை இரண்டு தரம் பெருக்குவது, இதெல்லாம் வீட்டில் குழந்தை இல்லாவிட்டாலும் கட்டாயம்.

வெளியே ஒட்டப் போகிறீர்கள் என்றால் ஒரு சோதனை. டைலின் பின்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சாதாரணச் சுவர் டைல் பிஸ்கட் மாதிரி உறிஞ்சிக்கொள்ளும், விட்ரிஃபைட் டைலில் சொட்டு சொட்டாகவே நிற்கும். விட்ரிஃபைட் டைல் உறிஞ்சும் தண்ணீர் அதன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் போகாது, சுவர் டைல் 10 சதவீதத்துக்கு மேலேயே குடிக்கும். ஊட்டிப் பக்கம் மார்கழி, தையில் உறைபனி விழும்போது, டைலுக்குள் குடித்த தண்ணீர் உறைந்து விரியும், மேல் பூச்சு செதில் செதிலாகத் தெறிக்கும். வீட்டுக்குள் என்றால் எந்த டைலும் சரி.

காகித முறை

இது புது வித்தை இல்லை. 1875-இல் திறக்கப்பட்ட பாரிஸ் ஒபேரா மாளிகையின் மொசைக்குகளை இத்தாலியரான ஜான் டொமெனிகோ ஃபக்கீனா இப்படித்தான் பட்டறையில் காகிதத்தில் கவிழ்த்து ஒட்டி, எடுத்துப் போய்ப் பதித்தார். நமக்கு நெருக்கமாகச் சொன்னால் ஆத்தங்குடிக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலும் கண்ணாடித் தட்டின் மேல் அச்சு வைத்து வண்ணத்தைத்தான் முதலில் ஊற்றுவார்கள், சிமெண்ட் அதற்கு மேலே. அதாவது முகம் கீழே, முதுகு மேலே. கவிழ்த்துச் செய்வதால்தான் முகம் கண்ணாடி போல வழவழவென்று வருகிறது. காகித முறையிலும் அதே லாபம். சில்லுகள் ஒன்று 5 மி.மீ., ஒன்று 7 மி.மீ. என்று தடிப்பு மாறி இருந்தாலும் முகமெல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கும், ஏற்ற இறக்கத்தைப் பின்னால் இருக்கும் அட்ஹெசிவ் வாங்கிக்கொள்ளும்.

முதலில் காகிதம். பள்ளி நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட் போதும், ஆனால் இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது மேலே பிளாஸ்டிக் பூசியது. அது ஆகாது. தண்ணீர் உள்ளே இறங்கினால்தான் கடைசியில் காகிதம் கழன்று வரும். வாங்கும்போதே ஓரத்தை நாக்கால் தொட்டுப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அதுதான் விரைவான சோதனை. ஈரம் பட்ட இடம் உடனே கறுத்தால் நல்ல காகிதம்.

பசைக்கு மைதா. சினிமா போஸ்டர் ஒட்டுகிற அதே பசைதான், அதில் போடும் மயில்துத்தம் மட்டும் வேண்டாம். ஒரு டம்ளர் மைதாவை முதலில் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். நான்கு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்து அதில் கரைசலை ஊற்றிக் கிண்டுங்கள். வெண்மை போய்க் கண்ணாடி போல மினுங்கி, கரண்டியிலிருந்து இட்லி மாவு பதத்தில் விழும்போது இறக்கிவிடலாம். ஆற ஆற இன்னும் இறுகும். மூன்று நாளுக்கு மேல் வைத்தால் புளித்து வாடை வரும்.

அடுத்து படம். காகித முறையில் எல்லாரும் ஒரு தடவையாவது வழுக்கி விழுவது இங்கேதான். சில்லு முகம் கீழே கவிழ்ந்து இருப்பதால் வலது இடது மாறும். மயில் வலப்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் காகிதத்தில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். வீட்டுப் பெயர்ப் பலகை செய்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நான் கையாளும் வழி இது. படத்தைச் சரியான பக்கமாகவே காகிதத்தின் ஒரு புறம் தடித்த மார்க்கரால் வரைகிறேன். பிறகு காகிதத்தைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்கு எதிராக வைத்து, தெரிகிற கோட்டை மறுபுறத்தில் பென்சிலால் எடுக்கிறேன். பென்சில் புறத்தில்தான் சில்லு ஒட்ட வேண்டும். மார்க்கர் புறம், ஒட்டி முடித்துச் சுவரில் வைக்கும்போது நம்மைப் பார்த்து இருக்கும், படமும் நேராகத் தெரியும். மார்க்கர் தண்ணீரில் ஊறாத வகையாக இருக்கட்டும், இல்லையென்றால் காகிதத்தை நனைக்கும்போது மை சில்லில் இறங்கும்.

பென்சில் புறத்தில் ஒரு கைப்பிடி அகலத்துக்குப் பிரஷ்ஷால் மெல்லிசாகப் பசை தடவி, சில்லின் முகத்தைப் பதித்து அழுத்துங்கள். ஒரேயடியாக முழுக்கத் தடவினால் காகிதம் ஊறி நெளியும். இடைவெளி சீராக வர 2 மி.மீ. ஸ்பேசர் வைக்கலாம். கண்மட்டத்திலேயே வைக்கிற கை பழகிவிட்டால் அதுவும் அழகுதான். மேல் பூச்சு உள்ள டைல் என்றால் வேலை செய்யும்போது உங்களுக்குத் தெரிவது எல்லாம் செங்கல் நிற முதுகுதான், வண்ணம் தெரியாது. அதனால் வண்ணத்துக்கு ஒரு தட்டு என்று பிரித்து வைத்து, காகிதத்தில் கட்டத்துக்குக் கட்டம் வண்ணத்தின் பெயரை எழுதிவிடுங்கள். கண்ணாடிச் சில்லில் நிறம் இரண்டு பக்கமும் ஊடுருவித் தெரிவதால் இந்தத் தொல்லை குறைவு. முதல் முறை செய்கிறவர்களுக்குக் கண்ணாடிச் சில்லையே சொல்வேன்.

காய்வது மலையில் தனிக் கதை. கோவையில் ஒரு மதியத்தில் காய்வது இங்கே இரண்டு நாள் கேட்கும். மொட்டை மாடியில் வைத்துவிட்டு மார்க்கெட் போகாதீர்கள், பத்து மணி வெயிலை நம்பினால் பதினொன்றுக்கு மஞ்சு வரும். சமையலறையில், அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி, பலகை மேல் பரப்பி வைப்பதுதான் உத்தமம். காய்ந்த ஷீட்டை அதிக நாள் வைத்திருக்கவும் கூடாது. மைதா என்பது பூஞ்சைக்கும் எலிக்கும் விருந்து. ஒரு வாரம் பத்து நாளுக்குள் சுவரில் ஏற்றிவிடுங்கள்.

பிளாஸ்டிக் முறை

சில்லுகளை முகம் மேலே தெரிய, படத்தின் மேல் நேராகவே அடுக்கி, மேலே அகலமான செல்லோ டேப்பையோ புத்தகத்துக்கு ஒட்டும் ஒளி ஊடுருவும் ஷீட்டையோ போட்டு அழுத்திப் பிடித்து எடுப்பது. கண்ணாடிப் பிம்பக் குழப்பம் இல்லை, பசை காயக் காத்திருக்க வேண்டாம், ஒரே சாயங்காலத்தில் செய்து முடிக்கலாம். தொல்லை என்ன என்றால், மழை மாதத்தில் டைல் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும், டேப் பிடித்த மாதிரி இருந்து தூக்கும்போது பாதியை மேசையிலேயே விட்டுவிடும். ஒவ்வொரு சில்லையும் உலர்ந்த துணியால் துடைத்து, வெதுவெதுப்பான அறையில் செய்தால்தான் நிற்கும்.

இன்னொன்று. பிளாஸ்டிக் வழியே தண்ணீர் போகாது. அட்ஹெசிவ் பச்சையாக இருக்கும்போதே காகிதத்தை நனைத்து எடுத்து, கோணலான சில்லைச் சரிசெய்வது போல இதில் முடியாது. முழுக்க இறுகிய பிறகுதான் உரிக்க வேண்டும், அப்போது கோணல் கோணலாகவே நின்றுவிடும். சதுரச் சில்லை நேர்வரிசையில் ஒட்டுகிறவர்களுக்கு இது சரி. பூவும் கொடியுமாக வளைத்துச் செய்கிறவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். உரித்த பிளாஸ்டிக்கை ஓடையில் விடாமல் குப்பைக்குப் பிரித்துக் கொடுங்கள், நீலகிரியில் பிளாஸ்டிக் விஷயத்தில் இருக்கும் கெடுபிடி எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

வலை முறை

காய்ந்த சுவருக்கு இது நல்ல முறை, திட்டுவதற்காகச் சொல்லவில்லை. வாட்டர் புரூஃபிங் பொருள் விற்கிற கடைகளில் ஃபைபர் மெஷ் என்று சுருளாகக் கிடைக்கும், 5 மி.மீ. கண் உள்ளதாகப் பாருங்கள். கொசுவலை வேண்டாம். கண் சிறிதாக இருந்தால் அட்ஹெசிவ் அதைத் தாண்டி டைலின் முதுகைத் தொடாது.

மேசையில் படம், அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் வலை. சில்லின் முதுகில் ஒரு சொட்டுப் பசை, அவ்வளவுதான். முதுகு முழுக்கத் தடவுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. பசை மூடிய இடத்தில் சிமெண்ட் பிடிக்காது. பசையும் தண்ணீரைத் தாங்கும் வகையாக இருக்கட்டும், டப்பாவில் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று இருக்கிறதா பாருங்கள். பாதி காய்ந்ததும் வலையை ஒரு தரம் மெதுவாகத் தூக்கி விரிப்பிலிருந்து பிரித்து, மறுபடி பரப்பிவிடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு பிரித்தால் விரிப்பும் கூடவே வரும்.

கடையில் வாங்கும் ஷீட்டுகளில் பெரும்பாலானவை வலை வைத்தவைதான். வாங்குவதற்கு முன் மாதிரிக்கு ஒரு துண்டு கேளுங்கள். ராத்திரி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் எடுத்து உதறுங்கள். சில்லு வலையைப் பிடித்துக்கொண்டு இருந்தால் அடுப்படிக்கு வாங்கலாம். டம்ளருக்கு அடியில் சில்லு தனியாக, வலை தனியாகக் கிடந்தால் அந்த ஷீட்டைக் கூடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். என் மீனுக்கு இந்தச் சோதனை அன்றைக்குத் தெரிந்திருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரோடு போயிருக்கும்.

துண்டு போடுவதும் தூக்கிப் போவதும்

பெரிய படத்தை அப்படியே தூக்க முடியாது. ஓரடிக்கு ஓரடி ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும், அதற்கு மேல் பெரிதானால் நடுவில் மடிந்து சில்லு உதிரும். பிரிக்கும்போது நேர்கோட்டில் வெட்டாதீர்கள், சுவரில் அந்தக் கோடு ஆயுசுக்கும் கண்ணை உறுத்தும். இலையின் ஓரம், மீனின் முதுகு என்று படத்தின் வரியோடு போங்கள். ஒவ்வொரு துண்டின் மேலும் எண்ணும், மேல்நோக்கி ஒரு அம்புக்குறியும் போட்டு, முழுப் படத்தை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கலைந்துபோன எட்டுத் துண்டைத் தரையில் பரப்பிவிட்டு, எது எங்கே என்று அடித்துக்கொண்ட குடும்பத்தை எனக்குத் தெரியும். அது என் குடும்பம்தான்.

வேறு வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் ஒவ்வொன்றையும் பிளைவுட் பலகையில் படுக்க வைத்து, நடுவில் செய்தித்தாள் போட்டு அடுக்கி, காய்கறி கொண்டுவரும் பிளாஸ்டிக் டிரேயில் வையுங்கள். நிற்க வைத்தால் இரண்டு வளைவிலேயே எல்லாம் கீழே சேர்ந்துவிடும்.

சுவர்

மலைவீட்டுச் சுவர் வியர்க்கும். பழைய பங்களாக்களின் சுண்ணாம்புக் காரைச் சுவர் இன்னும் அதிகம். ஓரடிச் சதுரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உட்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் சுவருக்குள்ளிருந்து ஈரம் வருகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் மொசைக் போடுவது வீண். பெயிண்ட் இருந்தால் சுரண்டி, சுவரைக் கொத்திவிட வேண்டும். ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்து, மேடு பள்ளத்தைப் பூசிச் சரிசெய்து, அது காய்ந்த பிறகு ஷீட்டுகளின் இடத்தைப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு மட்டும் ஒரு கொத்தனாரைக் கூப்பிடுவது கௌரவக் குறைச்சல் இல்லை.

ஒட்டும் நாள்

டைல் அட்ஹெசிவ் 20 கிலோ மூட்டையாக வரும், எட்டுச் சதுர அடிக்கு நான்கைந்து கிலோதான் செலவாகும். ஐ.எஸ். 15477 என்ற தர எண்ணும் டைப் எண்ணும் மூட்டையில் இருக்கும். உங்கள் டைலையும் இடத்தையும் சொல்லிக் கடைக்காரரிடம் டைப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடிச் சில்லுக்கு வெள்ளை அட்ஹெசிவ்தான், சாம்பல் நிறம் உள்ளிருந்து தெரிந்து எல்லா வண்ணத்தையும் அழுக்காகக் காட்டும். மிச்ச மூட்டையை இறுக்கக் கட்டி டிரம்முக்குள் போடுங்கள். இங்கே திறந்த மூட்டை ஒரு மழைக்குள் கல்லாகிவிடும், கட்டி தட்டியதைத் தட்டிப் பொடித்துப் பயன்படுத்தவும் கூடாது.

காலை பத்திலிருந்து மதியம் மூன்று வரைதான் வேலை நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 டிகிரிக்குக் கீழே போனால் அட்ஹெசிவ் இறுகாது. ஊட்டியில் தை மாத ராத்திரி அப்படிப் போகும். பகலில் ஒட்டி, ராத்திரி ஜன்னலை அடைத்து வையுங்கள்.

கலவை வெண்ணெய் மாதிரி இருக்கட்டும், ஒழுகக் கூடாது. ஒரு ஷீட் அகலத்துக்கு மட்டும் பூசி, 4 மி.மீ. பல் வைத்த கொத்துக் கரண்டியால் ஒரே திசையில் சீவுங்கள். பிறகு கரண்டியின் தட்டையான பக்கத்தால் அந்த வரிகளை லேசாக அமுக்கிவிடுங்கள், இல்லையென்றால் சின்னச் சில்லின் இடுக்கு வழியே கலவை பிதுங்கி வரும். காகித ஷீட்டைக் காகிதம் உங்களைப் பார்க்கும்படி, மேல் ஓரத்திலிருந்து கோட்டில் வைத்துக் கீழே இறக்குங்கள். ஒரு தட்டையான கட்டையை அதன் மேல் வைத்து ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் சில்லெல்லாம் ஒரு மட்டத்துக்கு வரும். அடுத்த ஷீட்டுக்கும் இதற்கும் நடுவில் விடும் இடைவெளி, சில்லுக்கும் சில்லுக்கும் உள்ள அதே 2 மி.மீ. இங்கே ஒரு மி.மீ. கூடினாலும் ஷீட் ஷீட்டாகத் தெரியும்.

இரண்டு மூன்று ஷீட் ஆனதும் நிறுத்துங்கள். முதல் ஷீட் ஒட்டி முக்கால் மணி நேரம் போல ஆனதும் (கோடையில் அரை மணி போதும்) வெதுவெதுப்பான தண்ணீரில் ஸ்பாஞ்சை நனைத்துக் காகிதத்தில் ஒற்றுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி. வெளிர் பழுப்பாக இருந்த காகிதம் கருப்பட்டி நிறத்துக்கு மாறி, மேலே சுருக்கம் விழும். அப்போது ஒரு மூலையை நகத்தால் கிளப்பிப் பாருங்கள். சில்லும் கூடவே எழுந்தால் அமுக்கிவிட்டு இன்னும் பத்து நிமிடம் பொறுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் உரிக்கலாம். உங்களை நோக்கி இழுக்காமல், சுவரோடு ஒட்டியபடி கீழ்நோக்கி மடித்து இழுக்க வேண்டும். வாழையிலையைப் பின்பக்கமாக மடிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று சில்லு நகர்ந்திருக்கும், ஒன்று காகிதத்தோடு வந்திருக்கும். பதற்றம் வேண்டாம், கலவை இன்னும் பச்சைதான். கத்தி முனையால் தள்ளிச் சரிசெய்து, வந்ததை முதுகில் கொஞ்சம் அட்ஹெசிவ் தடவித் திருப்பி வைத்துவிடலாம். மைதாவை ஈர ஸ்பாஞ்சால் அன்றைக்கே முழுக்கத் துடைத்துவிடுங்கள். ஒரு பொட்டு விட்டாலும் அடுத்த மழையில் அங்கே கறுப்பாகப் பூக்கும்.

பிளாஸ்டிக் ஷீட் என்றால் ஒரு நாள், குளிர்காலத்தில் இரண்டு நாள் கழித்து உரியுங்கள். வலைக்கு உரிக்க ஒன்றும் இல்லை, நன்றாக அமுக்கினால் போதும். ஒரு ஷீட்டை ஒட்டின உடனே திரும்பப் பிய்த்து முதுகைப் பாருங்கள், கலவை வலையைத் தாண்டி டைலில் பட்டிருக்க வேண்டும்.

இடுக்கு அடைப்பது

ஒரு நாள் விட்டு, குளிர் மாதமானால் இரண்டு நாள் விட்டு, கிரவுட் (இடுக்கை அடைக்கும் கலவை) போடலாம். 3 மி.மீ.க்குக் குறைவான இடுக்குக்கு மணல் கலக்காத கிரவுட். ரப்பர் தகட்டால் இடுக்குக்குக் குறுக்காக இழுத்து அடைத்து, பதினைந்து நிமிடம் விட்டு, பிழிந்த ஸ்பாஞ்சால் வட்டமாகத் துடையுங்கள். தண்ணீர் சொட்டச் சொட்டத் துடைத்தால் கிரவுட் கரைந்து வெளியே வந்துவிடும். வெள்ளை சிமெண்டையே வைத்து அடைத்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள். கூடத்துக்குச் சரி. அடுப்படியில் மஞ்சள் தூள் தெறித்ததும், வெளியே பாசி பிடித்ததும் தெரியும் அதன் லட்சணம். அடுப்புக்குப் பின்னால் நான் எபாக்ஸி என்ற பிசின் வகைக் கிரவுட் போட்டேன். குளிரில் அது தேன் மாதிரி இறுகிக் கிடக்கும், டப்பாவை மூடியோடு வெந்நீர்ப் பாத்திரத்தில் கால் மணி நேரம் வைத்துவிட்டுக் கலந்தால் கைக்கு அடங்கும். கலந்த பிறகு போன் வந்தாலும் எடுக்காதீர்கள், இறுகியதைத் திரும்ப இளக்க வழியில்லை. இதற்கும் சிமெண்ட் வேலைக்கும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மிச்சமான சில்லுகளை வண்ணத்துக்கு ஒரு பாட்டில் என்று போட்டு, எந்தச் சுவருடையது என்று எழுதி வையுங்கள், பின்னாளில் ஒன்று உடைந்தால் வேண்டியிருக்கும். காகிதத்தில் ஒட்டியபடியே ஒரு ஷீட்டைப் பரணில் எடுத்து வைக்கலாம் என்று நானும் நினைத்தேன். அடுத்த ஆவணியில் ஏறிப் பார்த்தபோது பிரவுன் ஷீட் பொடிப் பொடியாகக் கிடந்தது, சில்லு மட்டும் ஒன்றுகூடக் குறையவில்லை. எலி எண்ணியே விட்டுவிட்டுப் போயிருந்தது.